“எந்த நாடு?”: சேலத்துச் சிறுபான்மைக் குடும்பம் ஒன்றின் வரலாற்றை எழுதும் முறை

ஏற்காட்டுக்கு அப்பால் உள்ள மலைக்கிராமம் ஒன்றில், மலையாளிப் பழங்குடியைச் சேர்ந்த முதியவர் ஒருவரோடு சில ஆண்டுகளுக்கு முன் திண்ணையில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தேன். அப்போது வந்து நின்ற அவருடைய பங்காளி, என்னைக் காட்டி, “இவரு எந்த நாடு?” என்று கேட்டார். நான் முந்திக்கொண்டு, “இந்தியாதானுங்க” என்று சொல்லிவிட, இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். சேர்வராயன் மலையில் நாடு என்றால் ஊர்களின் தொகுதி. சேலநாடு, மோகநாடு, முட்டநாடு என்று மலை மூன்று நாடுகளாகப் பிரிந்திருப்பதை ஆங்கிலேயர் காலத்து மாவட்ட விவரச் சுவடிகளும் குறித்திருக்கின்றன. பட்டக்காரர், ஊர்க்கவுண்டர் முதலிய பொறுப்புகள் அமைவதும் அந்த ஏற்பாட்டுக்குள்தான்.

அதே சொல்லைத்தான் நாம் தமிழ்நாட்டுக்கும் வைத்திருக்கிறோம், இந்திய நாட்டுக்கும் வைத்திருக்கிறோம். ஒரே மனிதர் ஒரே நாளில் மூன்று பொருளிலும் அதைச் சொல்லக்கூடும். சேலத்திலும் சேர்வராயன் மலையிலும் வாழும் மொழிச் சிறுபான்மைக் குடும்பம், பழங்குடிக் குடும்பம், அல்லது இலங்கைத் தமிழர் முகாமில் வாழும் குடும்பம் ஒன்றின் வரலாற்றை எழுத விரும்பும் கல்லூரி மாணவர்களுக்கும் ஆசிரியர்களுக்கும், தம் சொந்த வீட்டைப் பற்றியே எழுத நினைப்பவர்களுக்கும் பயன்படட்டும் என்று நான் கற்றுக்கொண்டவற்றை இங்கே எழுதுகிறேன். என் வீட்டில் பேசுவது கன்னடம். எனக்கு எழுதத் தெரிந்தது தமிழ் மட்டும். சேலத்தில் குகை என்று பெயர்பெற்ற பகுதியில் தறிச் சத்தத்தினூடே வளர்ந்த தேவாங்கர் வீட்டுப் பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு இதே நிலைதான் என்பதால், இதை ஒரு குறையாகவோ பெருமையாகவோ சொல்லவில்லை.

நாட்டைப் பற்றிய கருத்து எப்படி மாறியது என்பதை மேடைப் பேச்சுகளில் தேடினால் தலைவர்களின் கருத்துதான் கிடைக்கும். ஒரு குடும்பத்தைப் பார்த்து அரசும் பள்ளியும் அக்கம்பக்கமும் என்னென்ன கேட்டன, ஒவ்வொரு தலைமுறையிலும் அந்தக் குடும்பம் என்ன பதில் சொன்னது, எந்தப் பதிலை வாய்க்குள்ளேயே வைத்துக்கொண்டது என்பதைச் சேகரித்தால், நாடு தன்னை எப்படி நினைத்துக்கொண்டது என்பது அந்தக் கேள்விகளிலேயே தெரிந்துவிடும். இனி வருவன எல்லாம் இந்த ஒரு கருத்தை ஒட்டியவை.

ஒரு குடும்பம் போதும்

முழுச் சமூகத்தையும் எழுதக் கிளம்பாதீர்கள். சமூக வரலாறு என்று தலைப்பிட்ட கையெழுத்துப் படிகள் சிலவற்றைப் பார்த்திருக்கிறேன். முன்னோர் குஜராத்தின் சௌராஷ்டிரத்திலிருந்து புறப்பட்டு, விஜயநகரம் வழியாக மதுரைக்கு வந்து சேர்வதற்குள் நாற்பது பக்கம் ஓடிவிடும். சேலத்து அம்மாபேட்டையை எட்டும்போது எழுதியவரும் களைத்திருப்பார், படிப்பவரும் களைத்திருப்பார். ஒரு குடும்பத்தில் நான்கு தலைமுறையைப் பிடித்துக்கொண்டால் அந்தத் தொல்லை இல்லை. கொள்ளுப்பாட்டி கேட்டறிந்த பஞ்சக் கதையிலிருந்து பேத்தியின் கைபேசி விசைப்பலகை வரை ஒரே இழையாக எழுதிவிடலாம்.

யாரைத் தேர்ந்தெடுப்பது என்பதில் சேலத்தில் வறுமை இல்லை. அம்மாபேட்டையில் சௌராஷ்டிர நெசவாளர்கள், குகையிலும் சுற்றுப்புறங்களிலும் கன்னடமோ தெலுங்கோ பேசும் தேவாங்கர்கள், கோட்டைப் பகுதியில் உருது பேசும் முஸ்லிம்கள், கடைவீதியில் தலைமுறைகளாக வாழும் மார்வாடிகள், ஏற்காட்டில் ஆங்கிலோ இந்தியர்கள், மலைக்கிராமங்களில் மலையாளிகள், மாவட்டத்தின் பல இடங்களில் உள்ள முகாம்களில் இலங்கைத் தமிழர்கள் என்று எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு வீடு கிடைக்கும். உங்களுக்கு ஏற்கெனவே பழக்கமான வீட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். அறிமுகமில்லாத வீட்டுக்குப் போய் முதல் நாளே “நீங்கள் எங்கிருந்து வந்தவர்கள்?” என்று கேட்பது, கேட்பவருக்கு ஆராய்ச்சியாகத் தோன்றினாலும், கேட்கப்படுபவருக்கு விசாரணையாகவே தோன்றும்.

போவதற்கு முன் ஒரு காலவரிசை

ஒரு பெரிய தாளை எடுத்து நடுவில் கோடு போட்டுக்கொள்ளுங்கள். இடப்பக்கம் அரசியல் நிகழ்ச்சிகளை எழுதுங்கள். வலப்பக்கத்தைக் குடும்பத்தின் பிறப்பு, திருமணம், இடமாற்றம், பள்ளிச் சேர்க்கை ஆகியவற்றுக்காகக் காலியாக விடுங்கள். முதியவர்கள் ஆண்டைச் சொல்ல மாட்டார்கள். “மேட்டூர் அணை கட்டின காலத்துல” என்பார்கள். அணை 1934-இல் முடிந்தது என்பது உங்கள் தாளில் இருந்தால் போதும். அதற்கு முந்தைய தலைமுறைக்குத் தாது வருஷப் பஞ்சம் ஓர் அடையாளக் கல். 1876 முதல் 1878 வரை நீடித்த அந்தப் பஞ்சத்தில் சேலம் மாவட்டம் மிகக் கடுமையாக அடிபட்டது.

இடப்பக்கத்தில் கட்டாயம் இருக்க வேண்டியவை சில உள்ளன. 1944 ஆகஸ்ட் 27 அன்று நீதிக்கட்சி திராவிடர் கழகமாகப் பெயர் மாறியது நம் சேலத்தில் நடந்த மாநாட்டில்தான். அன்றைய சென்னை மாகாணத்தில் தமிழோடு தெலுங்கும் கன்னடமும் மலையாளமும் பேசப்பட்டன என்பதை நினைவில் வைத்தால், தமிழர் என்ற சொல்லை விட்டுத் திராவிடர் என்ற சொல் ஏன் தேர்ந்தெடுக்கப்பட்டது என்பதில் ஒரு பகுதி விளங்கும். கன்னடமோ தெலுங்கோ பேசும் சேலத்து நெசவாளரும் அந்தச் சொல்லுக்குள் தயக்கமின்றி நிற்க முடிந்தது. சௌராஷ்டிரமோ திராவிட மொழி அன்று, இந்தோ ஆரிய மொழி. அதைப் பேசிய பக்கத்துத் தெருக்காரர் அதே சொல்லை எப்படி எடுத்துக்கொண்டார் என்பது, நீங்கள் தேர்ந்தெடுத்தது அந்த வீடானால், கேட்க வேண்டிய கேள்வி.

1953 அக்டோபர் 1 அன்று ஆந்திரம் பிரிந்தது. 1956 நவம்பர் 1 அன்று மொழிவழி மாநிலங்கள் அமைந்தன. அதுவரை கோயம்புத்தூர் மாவட்டத்துக்குள் இருந்த கொள்ளேகால் வட்டம் அன்று மைசூர் மாநிலத்துக்குப் போயிற்று. கொள்ளேகாலில் சம்பந்தம் செய்த சேலத்துக் கன்னட வீடு ஒன்று இருந்தால், அந்த வீட்டுப் பெண் தாய்வீட்டுக்குப் போய்வரும் வழியில் ஒரே இரவில் மாநில எல்லை ஒன்று முளைத்துவிட்டது என்று பொருள். யாரும் வீடு மாறவில்லை. ஆனாலும் பெரிய மாகாணத்தில் பல மொழியினருள் ஒருவராக இருந்தவர், மறுநாள் தமிழ் மாநிலத்தில் மொழிச் சிறுபான்மையினர் ஆனார். அந்த ஆண்டுதான் அரசியலமைப்பின் 7-ஆவது திருத்தம் 350-அ, 350-ஆ பிரிவுகளைச் சேர்த்தது. தொடக்கப் பள்ளியில் தாய்மொழிக் கல்விக்கு வசதி செய்ய வேண்டும் என்பதும், மொழிச் சிறுபான்மையினருக்குத் தனி அலுவலர் வேண்டும் என்பதும் அவற்றின் சாரம். எல்லையை வரைந்த அதே கையே மறுகையால் காப்பும் கட்டியது என்பதை வலப்பக்கக் குடும்பக் கதையோடு சேர்த்துப் பாருங்கள்: அந்த வசதியை உங்கள் குடும்பம் பயன்படுத்திக்கொண்டதா, இல்லை தமிழ்வழிப் பள்ளிக்கே போயிற்றா, ஏன் போயிற்று? எங்கள் வீட்டில் அப்படி ஒரு பிரிவு இருப்பதே யாருக்கும் தெரிந்திருக்கவில்லை.

தனிநாட்டுக் கோரிக்கைக்கு முற்றுப்புள்ளி வைத்த 1963-ஆம் ஆண்டின் 16-ஆவது திருத்தம், 1965-இன் இந்தி எதிர்ப்புப் போராட்டம், சென்னை மாநிலம் தமிழ்நாடு ஆன 1969 ஜனவரி 14, பத்தாம் வகுப்பு வரை தமிழைப் படிப்படியாகக் கட்டாயமாக்கிய 2006-ஆம் ஆண்டுச் சட்டம் ஆகியவற்றையும் எழுதிக்கொள்ளுங்கள். மலைக்குடும்பத்துக்கும் முகாம் குடும்பத்துக்கும் வேறு தேதிகள் வேண்டும். அவற்றை உரிய இடத்தில் சொல்கிறேன்.

பெட்டியைத் திறக்கச் சொல்லுங்கள்

நேர்காணலுக்கு முன் தகரப் பெட்டியைத் திறக்கச் சொல்வது என் வழக்கம். பழைய பத்திரம், குடும்ப அட்டை, சாதிச் சான்றிதழ், கூட்டுறவுச் சங்கப் புத்தகம், பள்ளி மாற்றுச் சான்றிதழ் ஆகியவற்றை வரிசையாகத் தரையில் பரப்பிப் பார்த்தால், ஒரே மனிதரின் பெயரும் சமூகமும் எத்தனை விதமாக எழுதப்பட்டிருக்கின்றன என்பது கண்ணில் படும். ஒரு தாளில் பட்டுநூல்காரர், அடுத்ததில் சௌராஷ்டிரா, மூன்றாவதில் வெறும் இந்து. எது சரி என்று தீர்ப்புச் சொல்ல வேண்டாம். எந்த ஆண்டு, யார் எழுதியது, எதற்காக எழுதியது என்பதை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்.

மாற்றுச் சான்றிதழைச் சற்று நிதானமாகப் பாருங்கள். நம் மாநிலத்தின் பல சான்றிதழ்களில் ‘தேசிய இனம், சமயம்’ என்றொரு வரி உண்டு. அதற்கு எதிரே பெரும்பாலும் ‘இந்தியன், இந்து’ என்றோ ‘இந்தியன், இஸ்லாம்’ என்றோ எழுதியிருக்கும். நம் அரசியல் மேடைகளிலோ தேசிய இனம் என்ற அதே தொடர் தமிழ்த் தேசிய இனம், கன்னடத் தேசிய இனம் என்னும் பொருளில்தான் வழங்குகிறது. ஒரே தொடருக்குப் பள்ளி எழுத்தர் ஒரு பொருளும் மேடைப் பேச்சாளர் மற்றொரு பொருளும் கொள்ள, இரண்டுக்கும் நடுவில் ஒரு பிள்ளை பத்தாம் வகுப்பு முடித்து வெளியே வருகிறது. என் சான்றிதழில் தாய்மொழிக்கான இடத்தில் தமிழ் என்று இருக்கிறது. சேர்க்கை நாளன்று எழுதியவர் அப்பாவிடம் கேட்கவே இல்லை. அப்பா பேசிய தமிழில் குறை தெரியவில்லை என்பதால் அவராகவே எழுதிக்கொண்டார். அப்பாவும் திருத்தச் சொல்லவில்லை. ஏன் என்று நான் கேட்டபோது, “அதனால என்ன குறைஞ்சு போச்சு?” என்றார். அந்த விடையை அப்படியே எழுதிவைத்திருக்கிறேன். அதில் அச்சம் எவ்வளவு, அலட்சியம் எவ்வளவு, உண்மையான ஒட்டுதல் எவ்வளவு என்று இன்றுவரை என்னால் பிரிக்க முடியவில்லை.

மக்கள்தொகைக் கணக்கெடுப்பைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். கணக்கெடுப்பின்படி தாய்மொழி என்பது ஒருவருடைய குழந்தைப் பருவத்தில் தாய் அவரிடம் பேசிய மொழி. நீங்கள் சொல்லும் பெயரையே கணக்கெடுப்பாளர் எழுத வேண்டும். எழுதிய பிறகு நடப்பது வேறு கதை. 2011-இல் மக்கள் சொன்ன 19,569 பெயர்களை வடிகட்டி 1,369 தாய்மொழிகளாக ஒழுங்குபடுத்தி, பிறகு பத்தாயிரம் பேருக்கு மேல் பேசுவோர் உள்ள 121 மொழிகளாகத் தொகுத்தார்கள். சௌராஷ்டிரம் என்று சொன்னவர்கள் நாடெங்கும் 2,47,702 பேர். ஆனால் மொழிப் பட்டியலில் அவர்கள் குஜராத்தி என்னும் தலைப்பின் கீழ் அடங்கிவிட்டார்கள். குஜராத்தைக் கண்ணாலும் பார்க்காத அம்மாபேட்டைப் பாட்டி புள்ளிவிவரத்தில் குஜராத்தி ஆனது இப்படித்தான். 2027 மார்ச் 1-ஐ அடிப்படை நாளாகக் கொண்டு அடுத்த கணக்கெடுப்பு அறிவிக்கப்பட்டிருக்கிறது. இம்முறை எல்லாருடைய சாதியும் கேட்கப்படும். உங்கள் குடும்பம் அந்த இரண்டு கேள்விகளுக்கும் என்ன சொல்வது என்று வீட்டில் பேசிக்கொள்வதைக் கேட்க வாய்த்தால் விட்டுவிடாதீர்கள்.

தாயின் பேச்சை வைத்துக் கணக்கெடுப்பு மொழியைத் தீர்மானிக்கிறது என்றால், ஆங்கிலோ இந்தியர் யார் என்பதை அரசியலமைப்பின் 366-ஆவது பிரிவு தந்தைவழியை வைத்தே தீர்மானிக்கிறது. ஏற்காட்டில் ஆங்கிலோ இந்தியக் குடும்பம் ஒன்றை எழுதுவதானால் இந்த முரண்பாட்டிலிருந்து தொடங்கலாம். நாடாளுமன்றத்திலும் சட்டமன்றங்களிலும் அவர்களுக்கு இருந்த நியமன இடங்கள் 2020 ஜனவரியோடு முடிந்துபோனதையும், வீட்டில் அது எப்படிப் பேசப்பட்டது என்பதையும் சேர்த்துக்கொள்ளலாம்.

என்ன கேட்பது, எப்படிக் கேட்பது

“நீங்கள் உங்களைத் தமிழராக உணர்கிறீர்களா?” என்று ஒருபோதும் தொடங்காதீர்கள். அந்தக் கேள்விக்குச் சரியான விடை ஒன்று இருப்பது போல் கேட்பவர் தொனியிலேயே தெரிந்துவிடுவதால், எதிரே இருப்பவர் உங்களுக்குப் பிடித்த விடையைச் சொல்லி, காபியும் கொடுத்து அனுப்பிவிடுவார். மாறாகச் செயலைக் கேளுங்கள். கோபம் வந்தால் எந்த மொழியில் திட்டுவீர்கள்? பணத்தை எந்த மொழியில் எண்ணுவீர்கள்? பாவு ஓட்டும்போது இழை எண்ணுவது எந்த மொழியில்? விருந்தாளி முன்னால் கணவனிடம் ரகசியம் சொல்ல வேண்டுமானால் எந்த மொழி? இழவு வீட்டில் எந்த மொழியில் அழுகிறார்கள்? தாலாட்டு எதில்?

தண்ணீருக்கு என்ன சொல் என்று கேட்பது எனக்குப் பலமுறை கைகொடுத்திருக்கிறது. எங்கள் வீட்டில் நீரு, தெலுங்கு வீட்டில் நீள்ளு, சௌராஷ்டிர வீட்டிலும் உருது வீட்டிலும் ஏறக்குறைய ஒரே சொல்லாகப் பானி, குழாயடிக்கு வந்துவிட்டால் எல்லாருக்கும் தண்ணி. எந்த வாசற்படியில் சொல் மாறுகிறது என்று கவனியுங்கள். சில வீடுகளில் அது தெருவாசலில் மாறும். சில வீடுகளில் அடுப்படியைத் தாண்டியதும் மாறிவிடும். பேரப்பிள்ளைகள் வந்த வீடுகளில் அடுப்படிக்குள்ளேயே மாறியிருக்கும். அம்மாபேட்டையில் ஒரு பாட்டியிடம் இதைக் கேட்டபோது, அவர் விடை சொல்லாமல் உள்ளே திரும்பி மருமகளிடம் சௌராஷ்டிரத்தில் ஏதோ சொன்னார். மருமகள் தமிழில் “இதோ வர்றேன் அத்தை” என்றார். பள்ளிச் சீருடையில் இருந்த பேத்தி ஆங்கிலத்தில் ஏதோ முணுமுணுத்தபடியே செம்பைக் கொண்டுவந்து என் முன் வைத்தாள். அரை நிமிடத்தில் மூன்று தலைமுறையின் விடையும் கிடைத்துவிட்டது.

ஒலிப்பதிவு செய்வதானால் அனுமதி கேட்டுச் செய்யுங்கள். ஆனால் கையேட்டில் எழுதுவதையும் விடாதீர்கள். பேச்சின் நடுவில் மொழி மாறும் இடத்தில் ஓர் அம்புக்குறி போட்டுவைத்தால், பிறகு கேட்கும்போது எதைச் சொல்ல வந்தபோது மொழி மாறியது என்பது புலப்படும். தனித் தமிழ் எழுத்து இல்லாத சௌராஷ்டிர ஒலிகளைத் தமிழில் எழுத, க, த, ப போன்ற எழுத்துகளின் மேல் 2, 3, 4 என்ற சிற்றெண்களை இடும் முறை ஏற்கெனவே வழக்கில் உள்ளது, அதையே பின்பற்றுங்கள். அம்மொழிக்குத் தனி எழுத்தும் உண்டு, 2008 முதல் ஒருங்குறியில் (யூனிகோடில்) இடமும் உண்டு. ஆயினும் நீங்கள் எழுதப்போகும் வீட்டில் அதைப் படிக்கத் தெரிந்தவர் இருக்கிறாரா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

மலையில் எழுதும்போது

மலையாளி என்ற பெயரே முதல் சிக்கல். மலையை ஆள்பவர், மலையில் வாழ்பவர் என்பது அதன் பொருள். அவர்கள் பேசுவது தமிழ். கேரளத்தோடு அவர்களுக்குத் தொடர்பு இல்லை. தமிழ்நாட்டுப் பழங்குடிகளுள் எண்ணிக்கையில் மிகுந்தவர்கள் இவர்களே. அப்படியிருந்தும் வெளியூர்க் கல்லூரிக்குப் போகும் பிள்ளையிடம், “மலையாளியா? கேரளாவில் எந்த ஊர்?” என்று கேட்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். மொழியால் பெரும்பான்மையோடு ஒன்றாகவும், பெயரால் அயலாராகவும், சட்டத்தால் பழங்குடியாகவும் ஒரே ஆள் இருக்க முடியும் என்பதை இந்த ஒரு குடும்பம் உங்களுக்குக் காட்டிவிடும்.

அவர்களே சொல்லும் தோற்றக் கதையில் அவர்கள் காஞ்சிபுரத்திலிருந்து வந்த அண்ணன் தம்பிகள்: பெரியண்ணன் சேர்வராயன் மலையிலும், நடுவண்ணன் பச்சைமலையிலும், சின்னண்ணன் கொல்லிமலையிலும் தங்கினார்கள் என்பது கதை. இதைப் பொய் என்று ஒதுக்கவும் வேண்டாம், நடந்த வரலாறு என்று ஆண்டு குறிக்கவும் வேண்டாம். சொல்பவர் எந்தச் சமயத்தில் அதைச் சொல்கிறார் என்று பாருங்கள். சமவெளியிலிருந்து வந்தவரிடம் சொல்லும்போது, நாங்களும் உங்களைப் போல் கீழ்நாட்டிலிருந்து வந்தவர்களே என்ற அழுத்தம் அதில் இருக்கும். சான்றிதழுக்காக அலுவலகம் போகும்போதோ மலையில் தொன்றுதொட்டு இருப்பதைத்தான் நிறுவ வேண்டியிருக்கிறது. இரண்டையும் ஒரே குடும்பம் சொன்னால் முரண்பாடு என்று திருத்தாமல் இரண்டையும் எழுதுங்கள்.

சட்டத்தின் கணக்கு இன்னும் நுட்பமானது. பழங்குடிப் பட்டியலில் மலையாளி என்ற பெயருக்குப் பக்கத்திலேயே தருமபுரி, வட ஆர்க்காடு, புதுக்கோட்டை, சேலம், தென் ஆர்க்காடு, திருச்சிராப்பள்ளி மாவட்டங்கள் என்ற வரையறை இருக்கிறது. ஈரோடு மாவட்டத்துப் பர்கூர் மலையில் வாழும் மலையாளிகள் இந்த வரையறைக்குள் வராததால், அதே பெயரும் அதே வழக்கமும் இருந்தும் பழங்குடிச் சான்றிதழுக்காக நெடுங்காலமாகக் கோரிக்கை வைத்துக்கொண்டிருக்கிறார்கள். எப்போதோ ஒரு மாவட்ட எல்லை போட்டவர்களுக்கு இது தெரிந்திருக்க வாய்ப்பில்லை. நீங்கள் எழுதும் குடும்பத்துக்கு அங்கே உறவு இருக்கிறதா என்று கேளுங்கள். சான்றிதழை இப்போது வருவாய்க் கோட்டாட்சியர்தான் தர வேண்டும். அதற்காக எத்தனை முறை மலை இறங்கினார்கள், அன்றைய கூலி எவ்வளவு போயிற்று, விசாரிக்க வந்தவர் என்ன கேட்டார் என்பதெல்லாம் உங்கள் வரலாற்றின் நடுப்பகுதியில் வர வேண்டியவை. காப்பித் தோட்டங்கள் வந்த கதையையும் தவிர்க்க முடியாது. 1820-களில் சேலம் ஆட்சியராக இருந்த காக்பர்ன் ஏற்காட்டில் காப்பியைக் கொண்டுவந்த பிறகு, சொந்த நாட்டிலேயே கூலியாளாகும் அனுபவம் மலைக்கு அறிமுகமானது.

முகாமில் எழுதும்போது

கன்னட வீட்டில் குடியுரிமை பற்றிய ஐயம் யாருக்கும் இல்லை, மொழிதான் வேறு. முகாம் வீட்டில் மொழி தமிழே, குடியுரிமைதான் இல்லை. இந்த இரண்டு வீடுகளையும் அடுத்தடுத்துப் பார்த்தவர்கள், தேசம் என்பது மொழியா, மண்ணா, தாளா என்ற கேள்விக்கு அவசரப்பட்டு விடை சொல்ல மாட்டார்கள்.

முகாம்களில் இருப்போர் எல்லாரும் யாழ்ப்பாணத்தார் என்று எண்ணிவிடக் கூடாது. இலங்கையின் கண்டிச் சீமைத் தோட்டங்களுக்கு ஆள் அனுப்பிய மாவட்டங்களில் சேலமும் ஒன்று; அப்படிப் போனவர்களின் வழிவந்த மலையகத் தமிழர்களும் முகாம்களில் உண்டு. 1948-ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தால் இலங்கை அவர்களை நாடற்றவர் ஆக்கியது. 1964 அக்டோபர் 30 அன்று கையெழுத்தான சிறிமா - சாஸ்திரி உடன்படிக்கை 9,75,000 பேரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேர் 1974-இல் பாதிப்பாதியாகப் பிரிக்கப்பட்டனர். கொள்ளுத்தாத்தா சேலத்திலிருந்து போனவர், தாத்தா இலங்கையில் பிறந்து இந்தியத் தமிழர் என்று எழுதப்பட்டவர், அப்பா கலவரத்தில் படகேறி வந்து இலங்கைத் தமிழர் என்று எழுதப்பட்டவர் என்றால், போன இடத்தில் இந்தியர், திரும்பிய இடத்தில் இலங்கையர் என்பதுதான் அந்தக் குடும்பத்தின் வரலாறு.

இங்கே பிறந்த பிள்ளைகளின் பிறந்த நாளைத் தனியாகக் குறியுங்கள். இந்தியச் சட்டப்படி 1987 ஜூலை 1-க்கு முன் இந்தியாவில் பிறந்தவர், பெற்றோர் யாராயினும், பிறப்பால் குடிமகன். அதன் பிறகு பிறந்தால் பெற்றோரில் ஒருவராவது இந்தியராக இருக்க வேண்டும். 2004 டிசம்பர் 3 முதல், மற்றவர் சட்டவிரோதக் குடியேறியாக இருக்கவும் கூடாது. ஒரே தாயின் இரண்டு பிள்ளைகள் இந்தக் கோட்டின் இரு பக்கமும் நிற்கக்கூடும். 2019-ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் இலங்கையைச் சேர்க்கவில்லை. 2021 ஆகஸ்டில் தமிழ்நாடு அரசு, அகதிகள் முகாம் என்ற பெயரை இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் என்று மாற்றியது. பெயர்ப்பலகை மாறிய நாளை அந்த வீட்டில் எப்படி நினைவுகூர்கிறார்கள் என்று கேட்கலாம்.

எச்சரிக்கை ஒன்று உண்டு. முகாமுக்குள் வெளியார் போவதற்கு அனுமதி தேவை. அதை மீறிப் போனால் உங்களுக்கு ஒன்றும் ஆகாவிட்டாலும் உங்களுக்குத் தேநீர் கொடுத்தவர் பதில் சொல்ல வேண்டியிருக்கும். வெளியே வேலைக்கு வரும் இடத்தில் பேசுங்கள். பெயர், பதிவு எண், படகு வந்த துறை ஆகியவற்றை எழுதாதீர்கள்.

நோகும் இடங்கள்

ஒவ்வொரு வீட்டிலும் தொட்டால் நோகும் இடம் ஒன்று இருக்கும். எங்களுக்கு அது காவிரி. 1991 டிசம்பரில் பெங்களூரில் தமிழர்கள் தாக்கப்பட்ட நாட்களில், மேட்டூர்த் தண்ணீரைக் குடித்துக்கொண்டு கன்னடம் பேசும் எங்கள் வீட்டில், தெருவாசல் திறந்திருக்கும்போது அம்மா குரலைத் தாழ்த்தித் தமிழில் பேசினார். யாரும் எங்களை ஒரு சொல் சொல்லவில்லை, இருந்தும் தாழ்த்தினார். இப்படிப்பட்டதைக் கேட்கும்போது நிகழ்ச்சியைப் பெயரிட்டுக் கேட்காமல், “அந்த நாட்களில் வீட்டில் எப்படி இருந்தது?” என்று மட்டும் கேட்டுவிட்டுக் காத்திருங்கள். உருது வீட்டில் அது வேறு ஆண்டாக இருக்கும். சேலத்தின் 1882-ஆம் ஆண்டு இந்து-முஸ்லிம் கலவரத்தைப் பற்றி எழுத நேர்ந்தால், கேள்விப்பட்டதைக் கேள்விப்பட்டதாகவும் பதிவில் உள்ளதைப் பதிவில் உள்ளதாகவும் பிரித்து எழுதுங்கள்.

வட மாநிலங்களிலிருந்து கட்டட வேலைக்கும் ஆலை வேலைக்கும் வந்திருப்பவர்களை இன்று நம் தெருவில் என்ன பெயரிட்டு அழைக்கிறார்கள் என்பதையும் ஒரு பத்தியாவது குறித்துவையுங்கள். அந்தப் பெயரை உங்கள் நடையில் பயன்படுத்த வேண்டாம். மேற்கோளுக்குள் வைத்து, யார் சொன்னது என்பதோடு விட்டுவிடுங்கள். பாட்டன் காலத்தில் எங்களை எப்படி அழைத்தார்கள் என்று அத்தையிடம் கேட்டபோதுதான் இது எனக்கு உறைத்தது.

வாசித்துக் காட்டுதல்

எழுதி முடித்ததும் அச்சுக்கோ இணையத்துக்கோ அனுப்புவதற்கு முன், அந்த வீட்டின் மூத்தவருக்கு முழுவதையும் வாய்விட்டு வாசித்துக் காட்டுங்கள். பெரியவர் சொன்னதும் நடுவயதுக்காரர் சொன்னதும் மோதும் இடங்களில் இருவரையும் ஒரே அறையில் வைத்து வாசித்தால் அவர்களே தீர்த்துக்கொள்வார்கள், அல்லது தீர்க்காமல் விடுவார்கள். இரண்டும் எழுதத் தக்கவை. நீக்கச் சொல்வதை மறுபேச்சின்றி நீக்கிவிடுங்கள். படி ஒன்றைத் தைத்து வீட்டில் கொடுத்துவிடுங்கள்.

என் சொந்த வீட்டுப் படியை அத்தையிடம் வாசித்தபோது ஒரே ஓர் இடத்தில் நிறுத்தினார். சௌடேஸ்வரி அம்மன் திருவிழாவில் எங்கள் ஆட்கள் கத்தி போட்டுக்கொண்டு வரும்போது “தீசுக்கோ தாயே” என்று முழங்குவார்கள். ஏற்றுக்கொள் தாயே என்று பொருள். கன்னடம் பேசும் வீட்டார் தமிழ்த் தெருவில் தெலுங்கில் முழங்குவதை நான் ஒரு பத்தி முழுக்க வியந்து எழுதியிருந்தேன். அத்தை கேட்டுவிட்டு, “அது தெலுங்கு இல்லடா, அது அம்மனுக்குச் சொல்றது” என்றார். நான் இலக்கணம் சொல்லிப் பார்த்தேன், அவர் அசையவில்லை. பத்தியை எடுத்துவிட்டு அவர் சொன்ன வாக்கியத்தை அங்கே வைத்தேன். தெலுங்கு என்ற குறிப்பைச் சிறிய எழுத்தில் பக்கத்தின் அடியில் போட்டேன். அடுத்த பக்கத்தைப் படிக்கச் சொன்னார்.